அப்பாவை உட்கார வைத்து ரோபோ படம் பார்ப்பது எப்படி

முதலில், அறிவியல் புனைகதைப் படம் என்று சொல்லிக் கூப்பிடாதீர்கள். எழுபது வயதைத் தாண்டியவருக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் விண்கலம் ஞாபகம் வரும், இல்லையென்றால் நூறு ரஜினி ஒன்றாக நின்று துப்பாக்கி சுடுவது ஞாபகம் வரும், "எனக்கெதுக்குப்பா" என்று எழுந்து போய்விடுவார். ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார், பார்த்துக்கொள்ள மகன் ஒரு ஆளைக் கொண்டுவந்து விடுகிறான், இவருக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகவில்லை என்று கதையாகச் சொல்லுங்கள். வந்த ஆள் ரோபோ என்பதை அவரே பார்த்துக்கொள்ளட்டும். எண்பதுகளில் விகடன் படித்தவர் என்றால் இன்னும் சுலபம். சுஜாதாவின் தொடர்கதை 'என் இனிய இயந்திரா'வின் ஜீனோ என்று சொன்னால் போதும், நாய்க்குட்டி ரோபோவைப் பற்றி அவரே உங்களுக்குக் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

எதில் தொடங்குவது என்பதில் நான் ஒருமுறை கோட்டை விட்டேன். ராபின் வில்லியம்ஸ் நடித்து 1999-ல் வந்த 'பைசென்டெனியல் மேன்' படத்தை முதலில் போட்டேன். அறிவியல் புனைகதை எழுத்தாளர் அசிமோவின் கதைதான், வீட்டு வேலைக்கு வாங்கிய எந்திரம் என்னையும் மனிதன் என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்று கேட்கிற கதை, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, தலைமுறை தலைமுறையாக நகர்கிறது. சின்னப் பெண்ணின் கண்ணாடிக் குதிரையை உடைத்துவிட்டு, மரத்தில் ஒரு குதிரை செதுக்கிக் கொடுக்குமே அந்த இடம் வரை அப்பா விழித்திருந்தார். அப்புறம் குறட்டை.

மலையாளத்தில் 2019-ல் வந்த 'ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன்' படத்தில் தொடங்குங்கள். ரதீஷ் பாலகிருஷ்ணன் பொதுவாளின் முதல் படம். பையன்னூர்ப் பக்கத்துக் கிராமம், யாரையும் எதையும் லேசில் வீட்டுக்குள் விடாத பிடிவாதக்கார அப்பாவாக சுராஜ் வெஞ்ஞாரமூடு, வேலைக்காக ரஷ்யா போய்விடும் மகனாக சௌபின் ஷாகிர். அவன் கொண்டுவந்து விடும் ரோபோவுக்குத்தான் ஊர் குஞ்ஞப்பன் என்று பெயர் வைக்கிறது. ரோபோ உடுப்புக்குள் இருந்தவர் சூரஜ் தேலக்காடு என்ற நடிகர், அதை முன்கூட்டியே சொல்லித் தொலைக்காதீர்கள், படம் முழுக்க "ஆள் எங்கே தெரியுது" என்று தேடிக்கொண்டிருப்பார். சப்டைட்டில் படிக்கக் கண் ஒத்துழைக்காவிட்டால் 2022-ல் வந்த தமிழ் வடிவம் 'கூகுள் குட்டப்பா' இருக்கிறது, அப்பாவாக கே.எஸ். ரவிக்குமார். எனக்குப் பிடித்தது மலையாளம்தான். பாதி புரிந்தாலே போதும்.

சரி, எப்படிப் பார்ப்பது? ரோபோவைப் பார்க்காதீர்கள், அதை வாங்கிவந்தது யார் என்று பாருங்கள். இந்த வகைப் படங்களில் எந்திரம் வாசலில் வந்து நிற்கும்போது, அந்த இடத்தில் நிற்க வேண்டிய ஒருவர் பெரும்பாலும் அங்கே இருக்கமாட்டார். 'மேகன்' (2022) பேய்ப்பட மாதிரி விற்கப்பட்டாலும் அதே கதைதான்: பெற்றோரை இழந்த குழந்தையை வளர்க்கத் தெரியாத சித்தி, ஒரு பொம்மையை முன்னால் நிறுத்துகிறாள். 'ஆஃப்டர் யாங்' (2021) படத்தில் தத்தெடுத்த சீனக் குழந்தைக்கு அவள் பூர்விகத்தைச் சொல்லிக்கொடுக்க ஒரு அண்ணனையே கடையில் வாங்குகிறார்கள், அதுவும் செகண்ட் ஹேண்டில். அது பழுதாகிவிடுகிறது, உள்ளே தினமும் சில விநாடிகள் மட்டும் பதிந்துவைத்த நினைவுகள் கிடைக்கின்றன. அருமையான படம், ஆனால் மெதுவாக நகரும். அப்பா தூங்கப் போனபிறகு தனியாகப் பாருங்கள். ஜெர்மன் படமான 'ஐ'ம் யுவர் மேன்' வேண்டவே வேண்டாம், அது காதலனாக வந்து சேரும் ரோபோ, பக்கத்தில் அப்பாவை வைத்துக்கொண்டு நெளிய வேண்டியிருக்கும்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது 'ரோபோட் அண்ட் ஃபிராங்க்' (2012). ஒன்றரை மணி நேரம்தான். ஃபிராங்க் லாங்கெல்லா ஓய்வுபெற்ற திருடர், ஞாபகம் தட்டுகிறது, வாராவாரம் வந்துபோக முடியாத மகன் ரோபோவை இறக்கிவிட்டுப் போகிறான். அது தோட்டம் போடலாம், காய்கறி சாப்பிடு என்கிறது, இவர் அதற்குப் பூட்டுத் திறக்கக் கற்றுக்கொடுக்கிறார். மூளைக்கு வேலை என்பதால் ரோபோவும் ஒத்துக்கொள்கிறது! நீ ஒழுங்காக இல்லாவிட்டால் என்னைத் திருப்பி அனுப்பி நினைவை அழித்துவிடுவார்கள் என்று இரக்கம் வரும்படி சொல்லிவிட்டு, பிறகொரு நாள், உன்னை வழிக்குக் கொண்டுவரத்தான் அப்படிச் சொன்னேன் என்று சாதாரணமாக ஒப்புக்கொள்ளும். அந்த இடத்தில் அப்பா சிரித்தார். "மாத்திரை போட வைக்க உங்கம்மாவும் இப்படித்தான் சொல்லுவா."

ஒரு எச்சரிக்கை. வீட்டில் யாருக்காவது மறதி நோய் இருந்தால் இதை முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். பின்பாதியில் ஒரு இடம் நெஞ்சைப் பிசையும்.

நடுவில் அப்பா "எந்திரத்து மேல எவனாவது பாசம் வைப்பானா" என்று கேட்பார். ஜப்பானைச் சொல்லுங்கள். சோனி 1999-ல் விற்க ஆரம்பித்த ஐபோ என்ற ரோபோ நாய்களுக்கு 2014-ல் ரிப்பேர் சேவையை நிறுத்தியபிறகு, சிபா மாகாணத்தில் இசுமி என்ற ஊரில் ஒரு புத்தக் கோயிலில் அந்த நாய்களை வரிசையாக அடுக்கி, பிக்கு மந்திரம் ஓதிக் காரியம் செய்தார்கள்.

மகன் ரோபோவை விட்டுப் போகும் காட்சி வரும்போது டீ போடுகிறேன் என்று எழுந்துவிடாதீர்கள். அவர் முகத்தையும் பார்க்காதீர்கள், நான் பார்த்துவிட்டேன். முடிந்ததும் எப்படி இருந்தது என்று கேட்காமல் லைட்டைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குப் போங்கள். நானும் அப்படியே ஊருக்குத் திரும்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து போனில் கரண்ட் பில் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், "அந்தத் திருடர் படத்துல பையன் எவ்வளவு நேரம் வண்டி ஓட்டிட்டு வருவான்?" என்றார். ஞாபகமில்லை, மறுபடி போட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.