சின்ன மரச் சிப்பர்: கெடுவதும் கெடுப்பதும்

மரக்கிளைகளைச் சில்லுகளாக வெட்டித் தள்ளும் எந்திரம்தான் சிப்பர். அது கிளையை இழுக்க மறுத்தால் பலரும் முதலில் எஞ்சினைத்தான் சந்தேகப்படுகிறார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைப்பார்கள், கார்புரேட்டரைப் பிரிப்பார்கள், இன்னும் பெரிய எஞ்சினாக வாங்கியிருக்கலாமே என்று வருத்தப்படுவார்கள். கோளாறு பெரும்பாலும் கத்தியில்தான் இருக்கும். சின்ன சிப்பர்கள் பலவற்றில் கிளையை உள்ளே இழுக்கத் தனி உருளை கிடையாது. கத்தி வெட்டும்போதே கிளையையும் இழுத்துக்கொள்கிறது. முனை மழுங்கினால் அந்த இழுப்பும் போய்விடும்.

கத்தி மழுங்கியதா என்று பார்க்க அதைக் கழற்றக்கூட வேண்டாம், வெளியே விழும் சில்லுகளே சொல்லிவிடும். கூரான கத்தி ஓரம் சுத்தமாக, ஏறக்குறைய ஒரே அளவில் வெட்டித் தள்ளும். நார்நாராகக் கிழிந்து வந்தாலோ, தூள் அதிகமாக இருந்தாலோ, கிளையை நீங்கள் அழுத்தித் தள்ள வேண்டியிருந்தாலோ சாணை பிடிக்க நேரம் வந்துவிட்டது. "இன்றைக்கு இருக்கிற வேலை முடியட்டும்" என்று ஓட்டுவதுதான் அதிகச் செலவு வைக்கும் தவறு. மழுங்கிய கத்தி மரத்தை வெட்டாமல் அடிக்கும். அந்த அடியெல்லாம் பேரிங்குக்கும் பெல்ட்டுக்கும் போய்ச் சேரும். பெல்ட் கருகிய வாடை வந்த பிறகுதான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். புது பெல்ட் போட்ட பிறகும் கிளை இறங்கவில்லை. இருபுறமும் முனையுள்ள கத்தியைத் திருப்பிப் போட்டதும் இறங்கியது.

சரி, கத்தி ஏன் சீக்கிரம் மழுங்குகிறது? மரத்தைவிட மண்தான் அதற்குப் பெரிய எதிரி. வெட்டிய கிளைகளைத் தரையில் இழுத்து வந்து அப்படியே உள்ளே விட்டால், பட்டையில் ஒட்டிய மணல் முனையைத் தின்றுவிடும். வேர்க்கட்டையை உள்ளே விடவே கூடாது. எவ்வளவு தட்டினாலும் வேரின் இடுக்கில் கல் இருக்கும். வேலியோரம் வெட்டிய கிளையில் ஆணி, கம்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீழே சிதறியதை வாரிக் கொட்டுவதும் வேண்டாம். இன்னொன்று, கிளையைப் பச்சையாக இருக்கும்போதே அரைத்துவிடுங்கள். மாதக்கணக்கில் காய்ந்த கடின மரம் கத்தியை நன்றாகவே சோதிக்கும்.

சாணை பிடிப்பதிலும் தவறுகள் உண்டு. ஒரு கத்தியில் மட்டும் பல் விழுந்திருக்கிறது என்று அதை மட்டும் தேய்த்தால் எடை மாறிவிடும். கத்திகள் பொருத்தியிருக்கும், வேகமாகச் சுழலும் சக்கரத்தில் சிறிய எடை வித்தியாசமும் அதிர்வாகி, பேரிங்கை அரித்துவிடும். எல்லாக் கத்திகளையும் ஒரே அளவு தேய்க்க வேண்டும், பழைய கோணத்தை மாற்றக் கூடாது. கல்லில் வைத்து அழுத்தினால் விளிம்பு நீலமாகும். எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம், அந்த முனை நிற்காது. மெதுவாகத் தேய்த்து, அடிக்கடி தண்ணீரில் நனைக்க வேண்டும்.

அப்புறம், எதிரே அசையாமல் இருக்கும் கத்தி. அதைப் பலரும் மறந்தே போகிறார்கள். இரண்டு கத்திக்கும் நடுவே இருக்கும் இடைவெளி பல எந்திரங்களில் ஓரிரு மில்லிமீட்டர்தான். உங்களுடையதற்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். தேய்க்கத் தேய்க்கச் சுழலும் கத்தி குறுகி, இடைவெளி அகலும். அப்போது கத்தி கூராகவே இருந்தாலும் மெல்லிய குச்சிகள் வெட்டுப்படாமல் நாராக நழுவும். இடைவெளியைச் சரிசெய்து, போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கி, எங்கும் தட்டாமல் சுற்றுகிறதா என்று சக்கரத்தை ஒரு முழுச் சுற்று மெதுவாகத் திருப்பிப் பார்த்த பிறகே எஞ்சினை இயக்குங்கள்.

இந்த வேலைகளுக்கு முன் பிளக் வயரைக் கழற்றாமல் விடுவது விரலை இழக்கும் தவறு. எஞ்சினை நிறுத்திய பிறகும் கனமான சக்கரம் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும். முழுவதும் நிற்கும்வரை காத்திருங்கள், பிறகு வயரைக் கழற்றுங்கள், அதன் பிறகு சக்கரம் திரும்பாதபடி பூட்டுங்கள் அல்லது கட்டை வைத்து அடையுங்கள். கத்தியோடு இருக்கும் சக்கரம் கையால் லேசாகத் தள்ளினாலே திரும்பும், வெட்டும். அடைப்பு எடுக்கும்போதும் இதே முறைதான், அவசரம் எவ்வளவு இருந்தாலும்.

கிளையை விடும்போது அடிப்பக்கத்தை முதலில் விட்டு, பக்கவாட்டில் நில்லுங்கள். நேர் எதிரே நின்றால் துள்ளும் கிளை முகத்தில் அடிக்கும். கடைசியாக மிஞ்சும் குட்டைத் துண்டுகளை அடுத்த நீளக் கிளையால் தள்ளலாம், கையால் வேண்டவே வேண்டாம். தளர்ந்த மணிக்கட்டுள்ள கையுறையும் தொங்கும் சட்டையும் கிளையில் மாட்டினால் கிளையோடு கையும் போகும். கயிறும் நீளக் கொடியும் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். கண்ணாடியும் காது மூடியும் இல்லாமல் ஒரு கிளைகூட விட வேண்டாம்.

எந்திரத்தில் 75 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தால் அது உச்ச வரம்பு. நாள் முழுக்க அந்தத் தடிமனிலேயே ஓட்டினால் பெல்ட் தாங்காது. எஞ்சின் முழு வேகம் எடுத்த பிறகே கிளையைக் கொடுங்கள். சத்தம் தணிந்தால் நிறுத்தி, மீண்டும் வேகம் ஏறவிடுங்கள். ஈர இலையை மட்டும் தொடர்ந்து கொட்டினால் வெளியேறும் குழாய் அடைத்துக்கொள்ளும். நடுநடுவே தடித்த கிளை கொடுத்தால் சில்லுகள் இலையையும் தள்ளிக்கொண்டு போகும்.

புது பெல்ட் முதல் சில மணி நேரத்திலேயே நீளும், அப்போதே இறுக்கத்தைப் பார்த்துவிடுங்கள். பேரிங்கில் கிரீஸை அளவுக்கு மேல் அடித்தால் சீல் பிதுங்கி, அந்த வழியாகத் தூசி உள்ளே போகும். ஆயிலை எந்திரம் சமதளத்தில் இருக்கும்போது பார்க்க வேண்டும். தூசி பறக்கும் வேலை என்பதால் ஏர் ஃபில்டரைக் கையேடு சொல்வதைவிட அடிக்கடி சுத்தம் செய்வது நல்லது. சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள்.

ஓரிரு மாதம் ஓட்டப் போவதில்லை என்றால் டாங்கிலும் கார்புரேட்டரிலும் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள். பிசினாகிச் சின்னத் துளைகளை அடைத்துவிடும். நிறுத்துவதற்கு முன் உள்ளே மிச்சமிருக்கும் சில்லுகள் எல்லாம் வெளியே வரும்வரை ஓடவிடுங்கள். எல்லாம் ஆறிய பிறகு, வயரைக் கழற்றி, மூடியைத் திறந்து, ஒட்டியிருக்கும் ஈரத்தூளையும் மரப்பிசினையும் சுரண்டி எடுத்து, கத்தியில் எண்ணெய் தடவி வையுங்கள். அந்த ஈரத்தூள் அங்கேயே கிடந்தால், ஓடாத நாட்களிலும் கத்தியைத் துரு தின்னும்.