வண்ணத்துப்பூச்சி மீனா, ஏஞ்சல் மீனா? தட்டு வடிவ மீன்களை வகைப்படுத்துவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பவளப்பாறை மீன்களில் பெயர்க் குழப்பம் மிகுந்தவை தட்டையான, வட்ட உடல் கொண்டவை. பக்கவாட்டில் பார்த்தால் ஒரு தட்டு, எதிரில் நின்று பார்த்தால் வெறும் கோடு. மஞ்சள், வெள்ளை, கருப்பு, நீலம் என்று அதே சில நிறங்கள். பலவற்றில் கண்ணை மறைத்தபடி ஒரு கரும்பட்டை. கடலுக்கடியில் படம் எடுப்பவர்களும் மீன்தொட்டி வைத்திருப்பவர்களும் இங்கே ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: நிறத்தைப் பார்த்ததுமே பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். முள், எலும்பு, வயது, எந்தக் கடல் என்ற நான்கையும் பார்த்த பிறகு நிறத்துக்கு வந்தால் பாதிக் குழப்பம் தானாகத் தீர்ந்துவிடும்.

வடிவம் ஒன்றானால் குடும்பமும் ஒன்றாகிவிடாது

பவளக் கிளைகளுக்கு நடுவே சட்டென்று திரும்பவும் குறுகிய இடுக்கில் நுழையவும் தட்டையான உடல் வசதியானது. ஆகவே ஒன்றோடொன்று நெருங்கிய உறவில்லாத பல மீன் குடும்பங்கள் தனித்தனியாக இதே வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. 1758-இல் லின்னேயஸ் கீட்டோடான் (இன்று வண்ணத்துப்பூச்சி மீன்களின் பேரினம்) என்ற பேரினத்தை அமைத்தபோது இப்படிப்பட்ட மீன்களில் பலவற்றை அதற்குள்ளேயே போட்டார். இன்று வேறு குடும்பத்தில் இருக்கும் மூரிஷ் ஐடல் அப்போது ஒரு கீட்டோடான். பவளப்பாறைகளில் கோடுபோட்ட உடலோடு திரியும் சார்ஜென்ட் மேஜர் மீனும் ஒரு கீட்டோடான். பின்னால் வந்தவர்களும் அந்த வழியிலேயே போனார்கள்: ஃபோர்ஸ்கால் 1775-இல், இன்று வேறு குடும்பத்தில் இருக்கும் பிளேடாக்ஸ் என்ற தட்டு மீன்களைக் கீட்டோடான் என்றே எழுதினார்.

பழைய நூல்களிலிருந்து பட்டியல் தயாரிப்பவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். 18-ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றில் கீட்டோடான் என்று கண்டவுடன் அதை வண்ணத்துப்பூச்சி மீன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அறிவியல் பெயருக்குப் பின்னால் வரும் அடைப்புக்குறியைக் கவனித்தாலே பல விஷயங்கள் புரியும். முதலில் விவரித்தவர் வைத்த பேரினத்திலேயே மீன் இன்றும் இருந்தால் அவர் பெயர் அடைப்புக்குறியின்றி வரும்: கீட்டோடான் கேபிஸ்டிரேட்டஸ் லின்னேயஸ், 1758. வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் அடைப்புக்குறி வரும்: போமகாந்தஸ் இம்பெராட்டர் (புளோக், 1787). அழகுக்குப் போட்டது என்று நினைத்து அடைப்புக்குறியை நீக்கினால், அந்த மீன் இடம் மாறிய வரலாறும் அதோடு போய்விடும்.

கன்னத்து முள்ளைப் பார்க்காமல் விடுவது

மிகப் பரவலான தவறு, வண்ணத்துப்பூச்சி மீன்களையும் ஏஞ்சல் மீன்களையும் ஒரே குடும்பம் என்று எழுதுவது. முன்பு அப்படித்தான் வைத்திருந்தார்கள். கீட்டோடான்டிடே குடும்பத்துக்குள் ஏஞ்சல் மீன்கள் ஒரு துணைக்குடும்பம். 1974-இல் வாரன் பர்ஜெஸ் எலும்பு அமைப்பையும் பிற சான்றுகளையும் வைத்து அவற்றைத் தனிக் குடும்பமாக, போமகாந்திடே என்று, உயர்த்த வேண்டும் என்று காட்டினார். அது நிலைத்துவிட்டது. அரை நூற்றாண்டு கழிந்த பிறகும் பழைய வரி பல புத்தகங்களில் அப்படியே நகலெடுக்கப்பட்டுவருவது கொஞ்சம் எரிச்சலூட்டும் விஷயம்தான்.

பிரித்தறிவது கடினமில்லை. ஏஞ்சல் மீனின் கன்னத்தில், செவுள் மூடிக்கு முன்னுள்ள எலும்பின் கீழ்மூலையில், பின்னோக்கி நீளும் வலுவான முள் ஒன்று உண்டு. வண்ணத்துப்பூச்சி மீனுக்கு அது கிடையாது. நல்ல படம் ஒன்றிருந்தால் போதும், மீனைக் கையில் எடுக்க வேண்டிய அவசியமில்லை; சில ஏஞ்சல் மீன்களில் அந்த முள் உடலின் நிறத்திலிருந்து மாறுபட்டு எடுப்பாகவே தெரியும். நிறத்தை வைத்து அரை மணி நேரம் வாதாடுவதைவிடக் கன்னத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது மேல்.

இன்னும் உறுதியான சான்று குஞ்சுப் பருவத்தில் இருக்கிறது. வண்ணத்துப்பூச்சி மீனின் இளங்குஞ்சு திறந்த கடலில் மிதந்து வாழும் காலத்தில் தலையைச் சுற்றி எலும்புத் தகடுகளால் கவசம் அணிந்திருக்கும். பெற்றோரின் சாயல் கொஞ்சமும் இல்லாததால், 19-ஆம் நூற்றாண்டில் மீனியலாளர் குந்தர் அதைத் தோலிக்திஸ் என்ற தனிப் பேரினமாகவே விவரித்துவிட்டார். அந்தப் பெயர் இன்று பேரினத்தின் பெயராக இல்லை. அந்தக் குஞ்சுப் பருவத்தைக் குறிக்கும் சொல்லாக மட்டும் தங்கியிருக்கிறது. ஏஞ்சல் மீன் குஞ்சுகளுக்கு இந்தக் கவசம் இல்லை.

சரி, இரண்டும் தனிக் குடும்பங்கள், ஆனாலும் அண்ணன் தம்பி போல அடுத்தடுத்த உறவுதானே என்று கேட்கலாம். அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அண்மைக் கால மரபணு ஆய்வுகள் சிலவற்றில் வண்ணத்துப்பூச்சி மீன்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்வது ஏஞ்சல் மீன் அல்ல, காரல் மீன். ஆம், வெள்ளிப் பளபளப்போடு வலையில் குவியலாக விழும் அதே காரல்தான். நிறத்தைக் கொண்டு உறவு தேடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய அதிர்ச்சி கிடைக்காது.

கொடி பறந்தால் மூரிஷ் ஐடல் என்பது

வெள்ளை உடல், இரண்டு கரும்பட்டைகள், முதுகிலிருந்து நீளும் வெண்கொடி: ஹெனியோகஸ் அக்யூமினேட்டஸ் இப்படித்தான் இருக்கும். மூரிஷ் ஐடல் எனப்படும் ஸான்க்ளஸ் கார்னூட்டஸும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். முன்னது வண்ணத்துப்பூச்சி மீன் குடும்பம். பின்னது ஸான்க்ளிடே என்ற குடும்பத்தில் இன்று உயிரோடிருக்கும் ஒரே சிற்றினம். அதன் நெருங்கிய உறவு, வாலடியில் கத்தி போன்ற முள் கொண்ட சர்ஜன் மீன்களோடு. வாலைப் பாருங்கள்: ஹெனியோகஸுக்கு மஞ்சள், மூரிஷ் ஐடலுக்குக் கருப்பு. மூரிஷ் ஐடலின் மூக்கு நீண்டு, அதன்மேல் மஞ்சள் கலந்த ஆரஞ்சுத் திட்டு இருக்கும். வளர்ந்த மீனுக்குக் கண்ணுக்கு மேலே சிறு கொம்பும் உண்டு. கடைத் தொட்டியில் ஒன்றுக்கு மற்றொன்றின் பெயரைச் சொல்லி விற்றால் நட்டம் வாங்குபவருக்கு மட்டுமல்ல, மீனுக்கும்தான். மூரிஷ் ஐடல் தொட்டியில் உணவெடுக்க மறுப்பதற்குப் பேர்போனது.

பெயர் ஒற்றுமையால் நன்னீர் மீன்களை இதில் இழுத்துவிடுவதும் உண்டு. வீட்டுத் தொட்டிகளில் காணும் ஏஞ்சல் மீன் அமேசான் படுகையைச் சேர்ந்த டெரோஃபில்லம். அது திலாப்பியாவின் சிக்லிட் குடும்பம். ஆப்பிரிக்க நன்னீர் 'வண்ணத்துப்பூச்சி மீன்' பான்டோடான் இன்னும் தூரத்து உறவு. இவற்றை மறந்துவிட்டு மேலே போகலாம்.

குஞ்சை வேறு மீன் என்று எண்ணுவது

போமகாந்தஸ் இம்பெராட்டர் வளர்ந்த பிறகு உடல் முழுக்க மஞ்சளும் நீலமுமாகக் கிடைக்கோடுகள் ஓடும். அதன் குஞ்சோ கருநீலத்தில், வெண்வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் உடலோடு இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே மீன் என்று யாரும் சொல்லமாட்டார்கள்; புளோக்கும் சொல்லவில்லை. வளர்ந்ததை 1787-இல் விவரித்தார். குஞ்சு, அவர் இறந்த பிறகு ஷ்னைடர் முடித்து 1801-இல் வெளியிட்ட நூலில், நிக்கோபார் தீவின் பெயரால் தனிச் சிற்றினமானது. இதே பேரினத்தின் வேறு சில மீன்களின் குஞ்சுகளும் கருநீலத்தில் வெண்கோடுகளோடுதான் இருக்கும். கோடு முழு வளையமாகச் சுற்றுகிறதா, வளைந்து பாதியில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். செமிசர்குலேட்டஸ் என்ற சிற்றினத்தின் குஞ்சில் கோடுகள் வில்லாக வளையுமே தவிர வட்டமாக மூடாது.

வண்ணத்துப்பூச்சி மீன்கள் இந்த விஷயத்தில் நேர்மையானவை. குஞ்சு பெரும்பாலும் பெற்றோரின் சிறு வடிவம்தான். முதுகுத் துடுப்பில் ஒரு போலிக்கண் கூடுதலாக இருந்து வளரும்போது மறையலாம், அவ்வளவே. ஆனால் இரவில் அவையும் வேடம் மாற்றும். கீட்டோடான் மெலனோட்டஸ் பகலில் வெள்ளை உடலில் சாய்கோடுகளோடு இருக்கும். இரவில் அதன் மேல்பாதி கருத்து, இரண்டு வெண்திட்டுகள் தோன்றும். இரவு முக்குளிப்பில் எடுத்த படத்தைப் பகல் படத்தோடு ஒப்பிட்டுப் 'புதிய இனம்' என்று குதிக்க வேண்டாம்.

ஜெனிகாந்தஸ் என்ற ஏஞ்சல் மீன் பேரினத்தில் ஆணும் பெண்ணும் வேறு வேறு நிறம், தேவைப்பட்டால் பெண் ஆணாகவும் மாறும். எல்லாவற்றையும் மிஞ்சியது அகாந்துரஸ் பைரோஃபெரஸ் என்ற சர்ஜன் மீனின் தந்திரம். அதன் குஞ்சு, அந்த வட்டாரத்தில் எந்தக் குட்டை ஏஞ்சல் மீன் வாழ்கிறதோ அதன் நிறத்தைப் போட்டுக்கொள்கிறது: ஓரிடத்தில் சென்ட்ரோபைஜி ஃபிளாவிஸிமாவின் எலுமிச்சை மஞ்சள், இன்னோரிடத்தில் சென்ட்ரோபைஜி வ்ரோலிகியின் சாம்பலும் கருப்பும். மறுபடியும் கன்னத்துக்குப் போங்கள். முள் இருந்தால் ஏஞ்சல். கன்னத்தில் இல்லாமல் வாலடியில் கத்தி போல ஒன்று இருந்தால் சர்ஜன்.

எந்தக் கடல் என்று கேட்காமல் பெயர் வைப்பது

கீட்டோடான் ட்ரைஃபேசியேட்டஸை 1797-இல் சுமத்ரா மீன்களோடு விவரித்தவர் மங்கோ பார்க். பின்னாளில் நைஜர் ஆற்றைத் தேடிப்போய்ப் புகழ்பெற்ற அதே ஆள். பசிபிக்கில் இதே தோற்றத்தில் இருக்கும் மீனுக்கும் வெகுகாலம் அந்தப் பெயரையே எழுதிவந்தார்கள். இப்போது பசிபிக் மீன் கீட்டோடான் லுனுலேட்டஸ் என்று தனியாக நிற்கிறது. இந்தியப் பெருங்கடல் மீனுக்கு வாலடி ஆரஞ்சு நிறமாக இருக்கும், லுனுலேட்டஸுக்கு அது இல்லை. பசிபிக்கில் எடுத்த படத்தைப் போட்டு இந்தியப் பெருங்கடல் பெயரை எழுதுவது இன்றும் நடக்கும் தவறு.

எல்லைக்கோடு எப்போதும் சுத்தமாக இருக்காது. இரண்டு பெருங்கடல்களின் மீன்களும் சந்திக்கும் கிறிஸ்துமஸ் தீவில் இந்த இரண்டும் கலந்து இணைகின்றன. அங்கே இரண்டுக்கும் நடுவான தோற்றத்தில் ஒரு மீன் தென்பட்டால் கலப்பினம் என்ற வாய்ப்பை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். சில நேரம் கடல் மாறினாலும் சிற்றினம் மாறாது: கீட்டோடான் ஆரிகாவின் முதுகுத் துடுப்பில் கரும்புள்ளி இருக்கும், செங்கடலில் இருப்பவற்றுக்குப் பொதுவாக இருக்காது, இரண்டும் ஆரிகாதான்.

நீள மூக்கு மஞ்சள் வண்ணத்துப்பூச்சி மீன்கள் இரண்டில் ஃபோர்சிபிஜர் ஃபிளாவிஸிமஸ்தான் எங்கும் காணப்படுவது. மூக்கு நீளமாகத் தெரிந்ததும் லாங்கிராஸ்டிரிஸ் என்று எழுதிவிடுகிறார்கள். அதற்கு மூக்கு இன்னும் நீளம், நெஞ்சில் சிறு கரும்புள்ளிகள் வரிசையாக இருக்கும், முதுகு முட்கள் 10 அல்லது 11. ஃபிளாவிஸிமஸுக்கு 12-க்குக் குறையாது. முள்ளை எண்ணும்படியான படம் இல்லையென்றால் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வதில் தவறில்லை.

நீள மூக்கைச் சுற்றி ஒரு பழைய கூத்தும் உண்டு. 1764-இல் ஷ்லோசர் என்பவர், நீரைப் பீய்ச்சிப் பூச்சியை வீழ்த்தும் படேவியா (இன்றைய ஜகார்த்தா) மீன் என்று லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு மாதிரியை அனுப்பினார். சொன்ன கதை உண்மை. வில்லாளி மீன் அப்படித்தான் வேட்டையாடும். அனுப்பிய மீன்தான் வேறு, செம்பட்டை போட்ட கெல்மான் ராஸ்டிரேட்டஸ் என்ற வண்ணத்துப்பூச்சி மீன். துப்பாக்கிக் குழல் போன்ற அந்த மூக்கைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை போலும். பவளத்தையும் பாறையையும் துழாவிப் புழு தின்னும் ஒரு மீன் நெடுங்காலம் நூல்களில் நீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

ஒரே குடும்பம், ஆகவே ஒரே உணவு என்பது

குடும்பப் பெயரைக் கொண்டு உணவைத் தீர்மானிப்பதும் சரிவராது. வண்ணத்துப்பூச்சி மீன் குடும்பத்திலேயே ஹெமிடாரிக்திஸ் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைக் கூட்டமாகத் தின்னும். கீட்டோடான் ஆரிகா புழு, பாசி, பவள உயிரி என்று கிடைத்ததைக் கொத்தும். அதே பேரினத்தின் ட்ரைஃபேஷியாலிஸோ ஏறக்குறைய அக்ரோபோரா பவளத்தை மட்டுமே நம்பி வாழ்கிறது. ட்ரைஃபேசியேட்டஸ், மேயரி, ஆர்னாட்டிஸிமஸ் ஆகியவையும் உயிர்ப்பவளம் தின்பவை. தொட்டியில் கொடுக்கும் தீனியைத் தொடாமல் மெலிந்து சாவது இவற்றின் வழக்கம். இவற்றை வாங்காமலிருப்பதே நல்லது.

பவளப்பாறையின் உடல்நலத்தை அறிய இந்த மீன்களை எண்ணுபவர்களுக்கும் இதே சிக்கல்தான். வெப்பம் கூடிப் பவளம் வெளுத்து மடியும்போது முதலில் குறைவது உயிர்ப்பவளத்தை மட்டும் உண்பவை. எதையும் தின்பவை அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. எண்ணிக்கைத் தாளில் 'வண்ணத்துப்பூச்சி மீன்கள்' என்று ஒரே கட்டம் போட்டு எல்லாவற்றையும் அதில் கூட்டினால், ட்ரைஃபேஷியாலிஸ் முற்றிலும் காணாமல் போயிருந்தாலும் ஆரிகாக்களின் எண்ணிக்கை அதை மூடி மறைத்துவிடும். உயிர்ப்பவளம் உண்பவற்றுக்கு ஒரு கட்டம், மற்றவற்றுக்கு ஒரு கட்டம் என்று குறைந்தது இரண்டாகவாவது பிரித்து எழுத வேண்டும்.