ஒற்றை இன்ஜினில் டாக்சி: சிமுலேட்டரில் ஏ320 பழகுபவர்களுக்கு

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சிமுலேட்டர் பழகத் தொடங்கும் பெரும்பாலோர் நமக்கு அருகிலுள்ள கோயம்புத்தூர் விமான நிலையத்தைத்தான் முதலில் எடுக்கிறார்கள். எரிபொருளை மிச்சம் பிடிக்க, ஓர் இன்ஜினை மட்டும் ஓடவிட்டு விமானத்தைத் தரையில் ஓட்டிச் செல்லும் (டாக்சி) இந்தப் பயிற்சிக்கு அது ஏற்றதன்று. ஒரே ஓடுபாதையுள்ள அங்கே டாக்சி தூரம் குறைவு. இரண்டாவது இன்ஜினைக் கிளப்பிச் சூடேற்றுவதற்குள் ஓடுபாதை வந்துவிடும். தலா 4,000 மீட்டர் நீளத்தில் இரண்டு ஓடுபாதைகள் கொண்ட பெங்களூருவைத் தேர்ந்தெடுங்கள். விமானத்துக்கு, இலவசமாகக் கிடைக்கும் ஃப்ளைபைவயர் ஏ32என்எக்ஸ் என்ற ஏர்பஸ் ஏ320 மாதிரி போதும்.

ஐடிலில் (தள்ளுவிசை மிகக் குறைவாக உள்ள நிலையில்) ஓர் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 முதல் 6 கிலோ எரிபொருள் குடிக்கும். வாலிலுள்ள சிறிய துணை இன்ஜினான ஏபியு ஏறத்தாழ 2 கிலோ குடிக்கும். மிச்சம் பிடிப்பது இந்த வித்தியாசத்தைத்தான். ஆனால் கல்லாறு இறக்கத்தில் வண்டியை ஆஃப் செய்து உருட்டினால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் இறுகிவிடும் என்பது நம் ஊர் ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரியும். விமானத்திலும் இன்ஜின் தள்ளுவிசையை மட்டும் தருவதில்லை. ஹைட்ராலிக் அழுத்தம், மின்சாரம், காற்று எல்லாம் அதிலிருந்தே வருகின்றன. ஆகவே, நிறுத்தி வைக்கும் இன்ஜினின் வேலையை எது செய்யப்போகிறது என்று பார்த்த பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும்.

புஷ்பேக் (விமானத்தை வண்டியால் பின்னுக்குத் தள்ளுவது) முடிந்ததும், ஏபியு ப்ளீட் (இன்ஜினைக் கிளப்ப ஏபியு தரும் அழுத்தக் காற்று) ஆனில் இருக்க, இடப்பக்கத்து 1ஆம் இன்ஜினைக் கிளப்புங்கள். பச்சை ஹைட்ராலிக் அமைப்பை இயக்குவது அதுதான். மஞ்சள் அமைப்பு 2ஆம் இன்ஜினைச் சார்ந்தது என்பதால், பார்க்கிங் பிரேக்கை விடுவிக்கும் முன்பே மஞ்சள் மின் பம்பை ஆன் செய்துவிட்டு, விமான அமைப்புகளின் நிலையைக் காட்டும் ஈகேம் திரையின் ஹைட்ராலிக் பக்கத்தில் இரண்டு அமைப்பிலும் 3,000 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டுகிறதா என்று பாருங்கள். பம்பை மறந்து பிரேக்கை விடுவித்தால், இரு அமைப்புகளின் அழுத்த வேறுபாட்டால், ஓர் அமைப்பின் விசையை மற்றதற்குக் கொடுக்கும் பிடியு இயங்கி, தரைக்கடியிலிருந்து கரகரப்பான ஓசை விட்டுவிட்டு எழும். ஏபியுவை நிறுத்த வேண்டாம்.

நின்ற விமானத்தை நகர்த்தும்போது என்1 (இன்ஜினின் முன்விசிறி சுழலும் வேகம்) 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நகர்ந்ததும் தள்ளுவிசை லிவரை ஐடிலுக்குக் கொண்டுவாருங்கள். இடது இன்ஜின் மட்டும் தள்ளுவதால் மூக்கு வலப்பக்கம் போகப் பார்க்கும், இடப்பக்கத் திருப்பங்கள் கடினமாக இருக்கும். கூர்மையான திருப்பத்தில் வேகம் 10 நாட் (மணிக்கு ஏறத்தாழ 18 கி.மீ.) அளவில் இருக்கட்டும்; இடப்பக்கம் திரும்பும்போது நடுவில் நின்றுவிட்டால் மீண்டும் நகர்த்த அதிக விசை தேவைப்படும், பின்னால் நிற்பவர்களை இன்ஜினிலிருந்து வரும் காற்று தாக்கும்.

டேக்ஆஃபுக்கு முன் 2ஆம் இன்ஜின் ஐந்து நிமிடமாவது ஓடியிருக்கும்படி கணக்கிட்டு, நேரான டாக்சிவேயில் அதைக் கிளப்புங்கள். திருப்பத்திலோ ஓடுபாதையைக் கடக்கும்போதோ இதைச் செய்யவே கூடாது. இன்ஜின் மோட் செலக்டரை ஸ்டார்ட்டுக்குத் திருப்பி, 2ஆம் மாஸ்டர் சுவிட்சை ஆன் செய்து, திரையில் 'அவெய்ல்' (இன்ஜின் தயார்) வரும்வரை காத்திருங்கள். பிறகு செலக்டரை நார்மலுக்குக் கொண்டுவந்து, மஞ்சள் பம்ப், ஏபியு ப்ளீட், ஏபியு ஆகியவற்றை நிறுத்திவிட்டு, ஃப்ளைட் கன்ட்ரோல் சோதனையை முடியுங்கள்.

இறங்கிய பின் ஏபியுவைக் கிளப்பி, இன்ஜின்கள் ஐடிலில் மூன்று நிமிடம் ஆறியதும், மஞ்சள் பம்பை ஆன் செய்து, அதன் பிறகே 2ஆம் இன்ஜினை நிறுத்துங்கள். ஈரத் தரை, ஏற்றம், அதிக எடை இவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு இன்ஜின்களையும் ஓடவிடுங்கள்.