மேடைக்குப் பின்னால் வேலை பழகுகிறவர்கள் செய்யும் தவறுகள்

அட்டன், பண்டாரவளைப் பக்கத்து நாடகக் குழுக்களில் ஒளி, ஒலி வேலை பழக வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "அண்ணே, மிக்சரை எப்போ தொடலாம்?" என்றுதான். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரின் குமிழ்களை ஒரு பின்னேரத்தில் பழகிவிடலாம். அதற்கு வருகிற கரண்டைக் கணக்குப் பார்க்கத் தெரியாமல் அதைத் தொடுவதுதான் பிழை.

பழைய தோட்டப் பாடசாலை மண்டபங்களில் 5 அம்பியர் வட்ட முள் பிளக்கைப் பார்க்கலாம். 5 அம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் 1150 வாட். ஒரு 1000 வாட் ஹலோஜன் விளக்குக்கே அது சரி. இரண்டாவதை மல்டி பிளக்கில் சொருகினால் வயர் சூடாகும், பிளக் உருகும். சதுர முள் 13 அம்பியர் என்றாலும் எல்லை சுமார் 3000 வாட். ஆகவே முதல் நாளே போய்ப் பிரதான பெட்டியைத் திறந்து, எந்த பிரேக்கர் எத்தனை அம்பியர், எந்த பிளக் எதில் ஓடுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இதைவிட மோசமானது, ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறதென்று அதை ஒதுக்கிவிட்டு நேரே லைன் எடுப்பது. பனியிலும் தூறலிலும் புல்லில் கிடக்கும் வயர் மூட்டுகள் நனைந்து மின் கசிந்தால் அது விழத்தான் செய்யும். 30 மில்லி அம்பியர் கசிவிலேயே விழும்படி வைத்திருப்பது ஆள் உயிருக்காக. ஈர மூட்டைத் தேடிப் பிடித்து மாற்றுங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றினால் தண்ணீர் நிற்காது. வயர் டிரம்மையும் சுருளாகவே வைத்துப் பெரிய லோட் கொடுக்காதீர்கள், உள்ளே வெந்துபோகும்.

ஒலியில் ஒரே வியாதிதான்: எல்லாவற்றையும் கூட்டுவது. தகரக் கூரையில் மழை இறங்கினால் வசனம் கேட்காது, உண்மைதான். அதற்காக வொல்யூமை ஏற்றினால் மைக் கூவும். மைக்கை நடிகருக்குக் கிட்டக் கொண்டுபோங்கள், ஸ்பீக்கரை மைக்குகளுக்கு முன்னால் சபையைப் பார்த்து வையுங்கள். தப்பு மேளத்துக்கு மைக் வைப்பவர்களை எனக்குப் புரிவதேயில்லை. மாசி இரவில் திறந்த வெளியில் காமன் கூத்துக்கு அடிக்கிற தப்பு தோட்டத்தின் அடுத்த டிவிஷன் வரை கேட்கும்.

நாடகத்தைப் படிக்காமல் ஆற்றுகை நாளில் மட்டும் வந்து நிற்பதும் வழக்கமாகிவிட்டது. இருட்டாக்கினால் நடிகை சேலை மாற்ற எத்தனை வினாடி வேண்டும் என்பது ஒத்திகையில் உட்கார்ந்தால்தான் தெரியும். பிரதியின் ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள், நெறியாளர் நாளைக்கே மாற்றுவார். சோகம் என்றால் நீலம், கோபம் என்றால் சிவப்பு என்று அடிப்பவர்கள் ஒருமுறை பச்சைத் தேயிலைச் செடி தீட்டிய திரையில் சிவப்பைப் போட்டுப் பார்க்கட்டும். செடி கறுத்துப்போய் நிற்கும்.

கையில் காசு வந்ததும் புகை மெஷின் வாங்க ஓடாதீர்கள். நல்ல டெஸ்டர், மல்டிமீட்டர், கையுறை, தலையில் கட்டும் டோர்ச் போதும். எல்இடி பார் விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் டிஎம்எக்ஸ் இணைப்புக்கு மைக் வயரையே போடுகிறார்கள். பிளக் பொருந்தும், ஆனால் தூரம் கூடினால் விளக்கு தானாகச் சிமிட்டும். அதற்கென உள்ள வயரை வாங்குங்கள்.

உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிப்பது பிரதியை வாசிக்க உதவும். ஆனால் வயரிங் கைக்கு வர, தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்னியலாளர் என்விகியூ (தேசிய தொழில் தகைமை) பாடநெறி ஒன்றையும் சேர்த்து எடுங்கள். கொழும்புக்குப் போனால்தான் பழகலாம் என்று காத்திருக்க வேண்டாம். கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவரோடு ஒரு பருவம் சுற்றினாலும் நிறையப் படியும். அங்கே வயரை முழங்கையில் சுற்றுவதை மட்டும் பழகிவிடாதீர்கள். உள்ளே கம்பி முறுகி அறுந்துவிடும், அடுத்த ஆற்றுகையில் எந்த வயர் செத்தது என்று தேடவே நேரம் போய்விடும்.