லிஃப்ட் இல்லாமல் வீட்டிலேயே கியர் பாக்ஸ் இறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொப்பூர் கணவாயில் அடிக்கடி ஏறி இறங்கும் காருக்குக் கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயும். அதை மாற்ற கியர் பாக்ஸை இறக்கியாக வேண்டும். ஆல்டோ, ஸ்விஃப்ட் மாதிரி முன்சக்கரம் இழுக்கும் சின்ன கார் என்றால், இரண்டு பேர் ஒரு முழு நாள் ஒதுக்கி வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம். வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் எடையைக் கவனிக்காததால்தான். முதலில் காரின் எடை, அடுத்து என்ஜினின் எடை, கடைசியில் கியர் பாக்ஸின் எடை. ஒவ்வொரு போல்ட்டைக் கழற்றும் முன்பும், இந்த மூன்றும் இப்போது எதன் மேல் நிற்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் தவறு இடத்திலேயே நடக்கிறது. மாமர நிழல் சுகமாக இருக்கும். ஆனால் ஒரு மழை கண்ட செம்மண்ணில் ஜாக்கி ஸ்டாண்டின் கால் ஒரு பக்கமாகப் புதையும், கார் மெல்லச் சாயும். சிமென்ட் தரைதான் வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கம் எந்த வீட்டைச் சுற்றிலும் கிரானைட் துண்டு கிடக்கும் என்பதால் அதையே அடுக்கிக் காரை நிறுத்துகிறார்கள். வழவழப்பான கல்லின் மேல் இரும்பு வழுக்கும். ஹாலோ பிளாக் அதைவிட ஆபத்து, விரிசல் காட்டாமலே நொறுங்கும். ஜாக்கியைத் தூக்க மட்டும் பயன்படுத்துங்கள். காரின் கீழே ஆள் போகும்போது எடை ஸ்டாண்டின் மேல்தான் இருக்க வேண்டும். கழற்றிய இரண்டு சக்கரங்களையும் கதவுக்குக் கீழே படுக்கப் போட்டுவிடுங்கள். ஸ்டாண்டு நழுவினாலும் கார் அவற்றின் மேல் நிற்கும்.

கியரில் போட்டுவிட்டால் கார் நகராது என்று நினைப்பதும் தவறு. முன்சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது கியர் எதையும் பிடிக்காது. பொலேரோ, ஆம்னி போன்ற பின்சக்கர வண்டிகளில் பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் சாஃப்டைக் கழற்றியதும் இதே கதைதான். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பின்சக்கரத்தின் இரு பக்கமும் கட்டை கொடுங்கள். கறிக்கடையில் வைத்திருப்பார்களே, அந்தப் புளியங்கட்டை மாதிரி கனமானது இருந்தால் நல்லது.

காரைத் தூக்கும் முன் செய்யவேண்டிய இன்னொன்று, சக்கரத்தின் நடுவில், அதைச் சுழற்றும் ஆக்ஸிலின் முனையில் இருக்கும் ஹப் நட்டைத் தளர்த்துவது. அது மிக இறுக்கமாக இருக்கும். நட்டின் விளிம்பை சாஃப்டின் பள்ளத்துக்குள் தட்டி மடக்கியும் வைத்திருப்பார்கள். முதலில் அந்த மடிப்பை உளியால் நிமிர்த்துங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நீளமான கம்பி போட்டுத் தளர்த்துங்கள். ஸ்டாண்டின் மேல் ஏற்றிய பிறகு ஸ்பேனரை மிதித்தால் நட்டுக்கு முன்னால் கார் அசையும்.

உயரத்தையும் முன்கூட்டியே அளக்கவேண்டும். கியர் பாக்ஸைக் கழற்றித் தரையில் வைத்த பிறகு, பம்பருக்கு அடியில் வெளியே வராமல் மாட்டிக்கொள்வது சகஜம். பம்பரின் கீழ் விளிம்புக்கும் தரைக்கும் ஐம்பது சென்டிமீட்டராவது இருக்கட்டும்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றாமல் ஸ்டார்ட்டர் மோட்டாரில் கைவைக்காதீர்கள். சாவியை எடுத்துவிட்டாலும் ஸ்டார்ட்டருக்கு வரும் தடித்த வயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஸ்பேனர் அதையும் பாடியையும் சேர்த்துத் தொட்டால் தீப்பொறி பறக்கும்.

கியர் ஆயில் சின்ன கார்களில் சுமார் இரண்டிலிருந்து இரண்டரை லிட்டர். வடிக்கும் நட்டைத் திறக்கும் முன் ஊற்றும் நட்டு கழல்கிறதா என்று பாருங்கள். துருப்பிடித்து அது வராவிட்டால் பழைய ஆயிலும் போய், புதியதை ஊற்றவும் வழியிருக்காது. ஆயிலை வடிக்காமல் ஆக்ஸிலை உருவினால் அத்தனையும் முகத்தில்தான்.

ஆக்ஸிலைக் கையால் பிடித்து இழுப்பது பெரிய தவறு. உள்பக்க ஜாயின்ட் அதன் கூட்டிலிருந்து பிரிந்துவிடும், அதை மூடியிருக்கும் ரப்பர் உறையும் கிழியும். ஜாயின்ட்டுக்கும் கியர் பாக்ஸ் உடம்புக்கும் நடுவே டயர் லீவரை வைத்து ஒரு சுண்டு சுண்டினால் போதும். உள்ளே இருக்கும் வளையக் கிளிப் விட்டுக்கொடுக்கும். லீவர் ஆயில் சீலைத் தொடக்கூடாது. எப்படியும் இரண்டு சீலையும் புதிதாகப் போடுங்கள். விலை குறைவு, இதற்காக மறுபடி பிரிப்பது வீண் வேலை. பிரேக் காலிப்பரைக் கழற்றினால் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக்கூடாது.

அடுத்து என்ஜின். கியர் பாக்ஸ் மவுண்டிங் என்ஜினின் ஒரு பக்கத்தையும் சேர்த்துத் தாங்குகிறது. அதைக் கழற்றினால் என்ஜின் சாயும். என்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்புக்கு நேர் கீழே ஜாக்கி வைத்துத் தாங்கினால் தகடு உள்வாங்கும். உள்ளே ஆயில் உறிஞ்சும் வலைக்கும் தகட்டுக்கும் இடைவெளி குறைந்து, ஆயில் ஏறாமல் என்ஜினே பழுதாகலாம். இரண்டு அங்குல ஜிஐ பைப்பை குறுக்கே போட்டு, சங்கிலியால் என்ஜினின் தூக்கும் கொக்கியில் மாட்டுவதுதான் சரி. பைப்பின் முனைகளைக் கட்டை கொடுத்து, ஷாக் அப்சார்பரின் மேல்முனை பொருந்தியிருக்கும் ஸ்ட்ரட் மேடையில் நிறுத்துங்கள். மட்கார்டில் வைத்தால் நசுங்கும். வெளியே எடுக்க இடம் வேண்டுமென்று என்ஜினை ரொம்பவும் தாழ்த்தினால் ரேடியேட்டர் ஹோஸும் ஏசி பைப்பும் இழுபடும்.

கியர் பாக்ஸை என்ஜினோடு பிணைக்கும் பெல் ஹவுசிங் போல்ட்கள் ஒரே நீளமல்ல. ஓர் அட்டையில் வட்டம் வரைந்து, எது எங்கே இருந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். குட்டையான ஓட்டையில் நீளமான போல்ட்டை இறுக்கினால் அலுமினியம் வெடிக்கும்.

எல்லாம் கழற்றியாயிற்று, ஆனால் கியர் பாக்ஸ் வரவில்லை. இந்த நேரத்தில்தான் பொறுமை போகிறது. கூர்ந்து பாருங்கள்: மேல்பக்கம் நூலளவு இடைவெளி விட்டிருக்கும், கீழ்பக்கம் ஒட்டியே இருக்கும். ஒட்டிய பக்கத்தில் ஒரு போல்ட் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது ஸ்டார்ட்டருக்குப் பின்னாலோ, ஆக்ஸில் பக்கத்து மூலையிலோ, சேறும் ஆயிலும் மூடி நட்டு என்றே தெரியாமல் இருக்கும். ஸ்க்ரூ டிரைவரைச் சொருகி நெம்பினால் ஹவுசிங்கின் காது உடையும். சுற்றளவு முழுக்க விரலால் தடவிக்கொண்டே வந்தால் கிடைத்துவிடும்.

பிரிந்ததும், சின்ன கார் கியர் பாக்ஸே முப்பது கிலோ அளவுக்கு இருக்கும். அதை மார்பின் மேல் இறக்குவது வேண்டவே வேண்டாம். தள்ளுவண்டி ஜாக்கியில் பலகை வைத்து, பெல்ட்டால் கட்டி இறக்குங்கள். கியர் பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இன்புட் சாஃப்ட் கிளட்ச் பிளேட்டை விட்டு முழுதாக வெளியே வரும்வரை என்ஜினிலிருந்து நேராக விலக்கி இழுக்க வேண்டும். பாதியில் சாயவிட்டால் மொத்த எடையும் பிளேட்டின் நடுவில் தொங்கி அது வளையும். பிறகு கிளட்ச் விடாது, கியர் கறகறக்கும்.

கிளட்ச் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். கிளட்ச்சை மிதிக்கும்போது அதை அழுத்தும் ரிலீஸ் பேரிங்கை பெட்ரோலிலோ டீசலிலோ ஊறவைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. உள்ளே அடைத்த கிரீஸ் கரைந்து ஓடிவிடும், சில மாதத்தில் கத்தும். புதுசு போடுங்கள். இன்புட் சாஃப்டின் பற்களான ஸ்ப்ளைனில் கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். கூடினால் சுழலும்போது பிளேட்டில் தெறித்து வழுக்கும்.

பூட்டும்போது பிளேட்டை மையப்படுத்தும் கருவி இல்லையென்றால், இன்புட் சாஃப்ட் அளவுக்குச் சீவிய மரக்குச்சியில் டேப் சுற்றிப் பயன்படுத்தலாம். கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். என்ஜினையும் கியர் பாக்ஸையும் நேர்படுத்தும் டவல் பின் இரண்டும் இடத்தில் இருக்கின்றனவா பாருங்கள். கியர் பாக்ஸ் முழுதாகச் சேராமல், போல்ட்டை இறுக்கியே இழுத்து ஒட்டவைக்கும் வேலை வேண்டாம். கைபலத்திலேயே சேர வேண்டும். சேராவிட்டால் ஐந்தாவது கியரில் போட்டு ஆக்ஸில் பக்கத்தைச் சற்றுத் திருப்புங்கள், பற்கள் பொருந்தும்.

கியர் பாக்ஸில் மாட்டும் எர்த் வயரை மறப்பவர்கள் அதிகம். மறந்தால் ஸ்டார்ட்டர் முனகும். கரண்ட் கிளட்ச் கேபிள் வழியாகப் பாய்ந்து அதைச் சூடாக்கும்.

ஆயிலுக்கு கையேட்டில் உள்ள தரத்தையே பாருங்கள். ஜிஎல்-4 கேட்கும் பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால் கியர் சுலபமாக விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்கள் அரிக்கப்படலாம். முன்பக்கம் தூக்கிய நிலையில் ஊற்றி, வழிந்ததும் நிறுத்தினால் அளவு தவறும். நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில் நிற்க, ஊற்றும் ஓட்டையின் விளிம்பிலிருந்து ஆயில் சொட்டத் தொடங்கும்போது நட்டைப் போடுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே ஓட்டுங்கள். புது பிளேட், என்ஜின் முனையில் சுழலும் ஃபிளைவீலோடு பதிந்த பிறகு தொப்பூர் ஏறலாம்.