வீல்சேர், காது மெஷின், பேசும் போன்: மனு எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் எடுத்து, ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக் கொடுக்கிற சின்னக் கடை என்னுடையது. எனக்கு இடது காலில் போலியோ. விவரம் தெரிந்த நாளிலிருந்து காலில் மாட்டுகிற கம்பித் தாங்கியான காலிப்பர்தான். அதனாலோ என்னவோ, திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிற மாற்றுத்திறனாளிகள் பலர் என் கடைக்குத்தான் வருவார்கள். "அண்ணே, வீல்சேர் ஃப்ரீயா குடுக்குறாங்களாமே, ஒரு மனு எழுதிக் குடுங்க" என்பார்கள். எழுதிக் கொடுப்பேன். ஆனால் பேனாவை எடுப்பதற்கு முன் நான் சில கேள்விகள் கேட்பேன். சிலருக்கு எரிச்சல் வரும். பரவாயில்லை.

ஏன் கேட்கிறேன் என்றால், ஒரு விதி இருக்கிறது. உபகரணங்களுக்கான மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்தில் ஒருமுறை ஒரு பொருளை வாங்கிவிட்டால், அதே தேவைக்கு அடுத்த மூன்று வருடம் கேட்க முடியாது. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் ஒரு வருடம். இலவசம் என்று பொருந்தாத வீல்சேரை வாங்கிப் பரணில் போட்டால், பரணில் கிடப்பது வீல்சேர் மட்டுமல்ல, உங்கள் மூன்று வருடமும்தான். அதனால் மனு என்பது கடைசி வேலை. முதல் வேலை வேறு.

எந்த வேலை நிற்கிறது?

"அப்பாவுக்கு வீல்சேர் வேணும்" என்றால் எனக்கு ஒன்றும் புரியாது. "அப்பாவால் ராத்திரி பாத்ரூம் போக முடியவில்லை" என்றால் புரியும். அவருக்குத் தேவை கமோட் சேரும் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பியும். அதே அப்பா டீக்கடை வரை போய் வர ஆசைப்பட்டால் அது வேறு பொருள்: மூன்று சக்கர சைக்கிள் அல்லது இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். வீட்டுக்குள் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறவர் என்றால்தான் வீல்சேர், அதிலும் நல்ல குஷனோடு. ஒரு தாளில் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரை எந்தெந்த இடத்தில் இன்னொருவர் கை தேவைப்படுகிறது என்று எழுதுங்கள். பாதிக்கப்பட்டவரே சொல்ல, நீங்கள் எழுத வேண்டும். கூட வந்தவர்களே எல்லாவற்றையும் பேசி முடிப்பதை நான் தினம் பார்க்கிறேன்.

அந்தப் பட்டியலில் சில வரிகளுக்கு அரசாங்கமே தேவைப்படாது. பிடி நழுவுகிற கைக்கு ஸ்பூன் காம்பில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றினால் போதும். வாசற்படிக்குச் சாய்தளம் கொத்தனார் வேலை. உயரத்துக்கு எவ்வளவு நீளம் என்பதை மட்டும் அவரிடம் விடாதீர்கள்: ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். குறைத்தால் ஏறும்போது வண்டி பின்னால் கவிழலாம்.

அளவு

வீல்சேரில் பெரும்பாலும் எல்லோருக்கும் 18 அங்குல சீட்தான் கைக்கு வரும். ஒல்லியான பெண்பிள்ளையை அதில் உட்கார வைத்தால் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து முதுகெலும்பே வளைய ஆரம்பிக்கும். உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலத்தை அளந்து, அதைவிடக் கொஞ்சமே கூடுதலாக சீட் இருக்க வேண்டும். முழங்காலின் பின்பக்கத்துக்கும் சீட்டின் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும். பாதம் மிதிபலகையில் முழுசாகப் பதிய வேண்டும். கட்டிலுக்குப் பக்கவாட்டில் நகர்ந்து மாறுகிறவர் என்றால் கைப்பிடி கழற்றக்கூடியதா என்று பாருங்கள். தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர்களுக்கு குஷன் ஆடம்பரம் இல்லை. புண் வந்தால் உடம்பு சொல்லாது, வாடை வந்துதான் தெரியும்.

அப்புறம் வீட்டுக் கதவை அளந்துகொண்டு வாருங்கள். 18 அங்குல சீட் வைத்த வண்டி, இரண்டு பக்கச் சக்கரத்தையும் சேர்த்தால் 25 அங்குலத்துக்கு மேலேயே வரும். நம் ஊர் பாத்ரூம் கதவு பல வீடுகளில் இரண்டடிதான். இதைக் கேட்டதும் வாசலிலேயே தலையில் கை வைத்தவர்கள் உண்டு.

தொட்டுப் பார்க்க எங்கே போவது?

வாங்குமுன் ஒருமுறையாவது உட்கார்ந்து, பிடித்து, காதில் மாட்டிப் பார்க்க வேண்டும். சென்னைக்குப் போக வாய்ப்பிருந்தால் மெரினா காமராஜர் சாலையில் மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ் என்று ஒன்று 2022-ல் திறந்தார்கள். மாற்றுத்திறனாளிகள் நலத்துறையும் வித்யாசாகர் நிறுவனமும் சேர்ந்து செய்தது. பெயர்தான் மியூசியம், உள்ளே இருக்கிற கருவிகளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். மாற்றுத்திறனாளிகளே நடத்துகிற கஃபேயும் உண்டு. எந்தக் கருவி என்ன செய்யும் என்று ஒரே நாளில் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005-லிருந்து இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ள குழந்தை என்றால் முதலில் அங்கே. சிகிச்சை, பயிற்சி, உபகரணம் எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் பார்ப்பார்கள். கால் இழந்தவர்களுக்கும் காலிப்பர் தேவைப்படுகிறவர்களுக்கும் கே.கே.நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை. வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு நல்ல பெயர் எடுத்தது. தெற்கே இருப்பவர்கள் சென்னை வரை அலைய வேண்டாம். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கடற்படை அதிகாரித் தேர்வின்போது தவறி விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவு போன எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. பார்வை முழுசாகப் போகாமல் மங்கலாக இருக்கிறவர்கள் "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்ற பேச்சோடு வீட்டுக்குத் திரும்பாமல், மதுரை அரவிந்த் போன்ற கண் மருத்துவமனைகளில் இருக்கும் குறைபார்வைப் பிரிவைக் கேட்டுப் போக வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றே படிப்பைக் காப்பாற்றிய பிள்ளைகள் உண்டு.

உலக வங்கி உதவியோடு நடக்கிற தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் சேவை மையங்கள் திறந்து வருகிறார்கள். உங்கள் பக்கம் வந்துவிட்டதா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். பள்ளி வயதுப் பிள்ளை என்றால் வட்டார வள மையம். அங்கே சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள், மதிப்பீட்டு முகாம் எப்போது என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். பெற்றோர்கள் பலருக்கு இந்த இடமே தெரியாது. பிள்ளை படிக்கிற பள்ளித் தலைமையாசிரியரைக் கேட்டால் வழி சொல்வார்.

கையில் காசு போட்டு வாங்க முடிகிறவர்கள் ஐஐடி மெட்ராஸ் பக்கம் பாருங்கள். பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான குழுவிலிருந்துதான் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து நிற்க வைக்கிற அரைஸ் வீல்சேர் 2019-ல் வந்தது. அங்கிருந்து கிளம்பிய நியோமோஷன் நிறுவனம் ஆளுக்கு ஆள் அளவெடுத்து நியோஃபிளை வீல்சேரைச் செய்கிறது. அதன் முன்னால் நியோபோல்ட் என்ற மோட்டார் பகுதியை மாட்டினால் ரோட்டில் 25 கிலோமீட்டர் வேகம் வரை ஓட்டலாம். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடலாம். 2025-ல் ஐஐடி மெட்ராஸ் வெளியிட்ட ஒய்டி ஒன் வீல்சேரின் எடை 9 கிலோதான். பஸ்ஸிலும் ஆட்டோவிலும் வீல்சேரைத் தூக்கிப் போட்டவர்களுக்குத்தான் அந்த 9 கிலோவின் அருமை தெரியும்.

போன் இருக்கிறதல்லவா?

பார்வையற்றவர்களுக்கு "முதலில் என்ன வாங்கலாம்?" என்று கேட்டால், ஒன்றும் வாங்க வேண்டாம், இருக்கிற போனைத் திறவுங்கள் என்பேன். ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் அணுகல்தன்மை என்ற பகுதியில் டாக்பேக் இருக்கும். அதைப் போட்டால் விரல் படுகிற இடத்தை எல்லாம் போன் வாசிக்கும். தமிழ்க் குரலைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். ஒன்று நினைவிருக்கட்டும்: டாக்பேக் போட்ட பிறகு ஒரு தட்டுக்குப் பதில் இரண்டு தட்டு, நகர்த்த இரண்டு விரல். இது தெரியாமல் போன் கெட்டுப்போச்சு என்று என் கடைக்குத் தூக்கி வந்தவர்கள் நிறைய. ஐபோனில் இதற்கு வாய்ஸ்ஓவர் என்று பெயர்.

ரூபாய் நோட்டை அடையாளம் சொல்ல ரிசர்வ் வங்கியின் மணி செயலி 2020 ஜனவரி 1-ல் வந்தது, இணையம் இல்லாமலும் வேலை செய்யும். மருந்துப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க கண்ணுள்ள ஒருவரை வீடியோவில் கூப்பிடலாம். அதற்கு பீ மை ஐஸ். கம்ப்யூட்டருக்கு, திரையில் இருப்பதை வாசித்துக் காட்டுகிற என்விடிஏ மென்பொருள். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற நண்பர்கள் இருவர் 2006-ல் தொடங்கியது, முழுக்க இலவசம், தமிழும் வாசிக்கும். திருட்டுப் பதிப்பாக விலையுயர்ந்த வேறு மென்பொருளை ஏற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். இதில் பழக சென்னையில் கர்ண வித்யா தொழில்நுட்ப மையம் பயிற்சி தருகிறது. படிக்கிற பிள்ளைகள் சுகம்ய புஸ்தகாலயாவில் சேர வேண்டும். 2016-ல் திறந்த இணைய நூலகம் அது. போனிலேயே கேட்டுப் படிக்கிற வடிவில் புத்தகங்கள் கிடைக்கும்.

பேச்சு வராத குழந்தைக்குப் படத்தைத் தொட்டால் பேசுகிற அவாஸ் செயலி சென்னையில் உருவானது, தமிழிலும் உண்டு. விலை கட்டுப்படியாகாவிட்டால் சோறு, தண்ணீர், வலி, பாத்ரூம் என்று படம் ஒட்டிய அட்டையிலிருந்து தொடங்கலாம். பேச்சுப் பயிற்சியாளர்களும் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.

காது மெஷின்

இதில்தான் ஏமாற்றம் அதிகம். காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கிற ஆடியோகிராம் எடுக்காமல், மெடிக்கல் ஷாப்பில் விற்கிற பெட்டியை வாங்கிப் போட்டால் எல்லாச் சத்தமும் சேர்ந்து பெரிதாகும். பேச்சு மட்டும் புரியாது. முதலில் அரசு மருத்துவமனை காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆடியோகிராம். அப்புறம் மெஷின். கூடவே காது அச்சு எடுத்து மோல்டு செய்து தரச் சொல்லிக் கேளுங்கள். மெஷின் 'கீ' என்று விசில் அடிக்கிறது என்றால் பழுது பெரும்பாலும் மெஷினில் இல்லை, மோல்டு சரியாக உட்காராததுதான். வளரும் பிள்ளைக்கு மோல்டை அவ்வப்போது மாற்ற வேண்டும். போட்ட முதல் சில வாரங்கள் தலைவலிக்கிறது, இரைச்சலாக இருக்கிறது என்று கழற்றி வைப்பார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு, அறுவை செய்து காதுக்குள் கருவி பொருத்துகிற காக்ளியர் இம்ப்ளான்ட் முதலமைச்சர் காப்பீட்டில் வரும். வயது ஏற ஏறப் பலன் குறையும், ஆகவே அதில் மட்டும் ஒரு மாதம்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

பெரியவர்களுக்கு மெஷினோடு கூட லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியையும் போட்டுக் கொடுக்கலாம். எதிரே பேசுவது தமிழ் எழுத்தாகத் திரையில் ஓடும். டாக்டர் அறையிலும் பேங்கிலும் கைகொடுக்கும்.

இனி மனு

யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. அதற்கான ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் பதிந்து, அரசு மருத்துவமனை மருத்துவக் குழுவிடம் குறைபாடு எத்தனை சதவீதம் என்று வாங்க வேண்டும். குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும். ஆதாரில் உள்ள பெயரும் இதில் உள்ள பெயரும் ஓர் எழுத்தும் மாறாமல் பாருங்கள். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதில் மாட்டியவர்கள் ஏராளம். வருமானச் சான்றும் கேட்பார்கள். ஏடிஐபியில் மாத வருமானம் 22,500 ரூபாய் வரை இருந்தால் முழு விலையும் அரசு ஏற்கும். 30,000 வரை என்றால் பாதி. மாநில அரசின் ஸ்கூட்டர், பேட்டரி வீல்சேர், ஸ்மார்ட்போன் எல்லாம் தனித் திட்டங்கள், அவற்றுக்கு மாவட்ட நல அலுவலகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

முகாம் என்றால் இரண்டு உண்டு. முதலில் அளவெடுக்கிற முகாம், பல மாதம் கழித்துக் கொடுக்கிற முகாம். வாய் திறக்க வேண்டியது முதல் முகாமில். இந்த உபகரணங்களைச் செய்கிற மத்திய அரசு நிறுவனமான கான்பூர் அலிம்கோவின் ஆட்கள் உங்கள் பெயருக்கு எதிரே என்ன பொருள், என்ன அளவு என்று எழுதுவார்கள். அந்தச் சீட்டை வாங்கிப் படித்துப் பாருங்கள். நீங்கள் வீட்டில் எடுத்த அளவையும் வேலைப் பட்டியலையும் அங்கே நீட்டுங்கள். கொடுக்கிற முகாமில் மேடை, மைக், போட்டோ எல்லாம் இருக்கும். சீட் அகலம் பற்றிப் பேச யாருக்கும் நேரம் இருக்காது.

பொருள் கைக்கு வந்ததும் உத்தரவாதச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். டயர், ட்யூப், பேரிங் எல்லாம் சைக்கிள் கடைக்காரரே பார்ப்பார். பேட்டரி வண்டியை மட்டும் வாரக்கணக்கில் சார்ஜ் போடாமல் நிறுத்தாதீர்கள். காலிப்பர் தோல்வார் அறுந்தால் செருப்புத் தைக்கிறவர் போதும். கம்பி வளைந்தால் வெல்டிங் கடையில் கொடுக்காமல் செய்த இடத்துக்கே எடுத்துப் போங்கள். காது மெஷினை ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும், முக்கியமாக ஐப்பசி கார்த்திகையில்.