குழி வெட்டும் முன் அடிமண்ணைப் பாருங்கள்

போன வாரம் தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் பகுதியில் இருக்கும் எங்கள் மால்மஸ்பரியில், கிழக்குக் கரை டர்பனிலிருந்து புதிதாகக் குடிவந்த ஒரு தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். ஆசையாக வைத்த எலுமிச்சைக் கன்று மஞ்சளாகி நின்றது. "தண்ணி போதலையா அண்ணே?" என்றார். தூரில் மண்ணைக் கிளறி முகர்ந்தேன். அழுகிய முட்டை வாடை. நான் வந்த புதிதில் என் ஆறு கன்றுகளும் இப்படித்தான் போயின. இங்கே புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகளைக் கீழே சொல்கிறேன்.

டர்பன் பருவத்தில் நடுவது

டர்பனில் கோடையில், அதாவது டிசம்பர், ஜனவரி வாக்கில் மழை. இங்கே மே முதல் ஆகஸ்ட் வரைதான் நல்ல மழை. டிசம்பரும் ஜனவரியும் காய்ந்து கிடக்கும்.

மேல்மண்ணை நம்பிக் குழி வெட்டுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பொறுக்காது. மால்மஸ்பரியைச் சுற்றியுள்ள ஸ்வார்ட்லாண்ட் பக்கம் பல இடங்களில் மண் இரண்டு அடுக்காக இருக்கும். மேலே ஒரு முழத்துக்குப் பொலபொலவென்று மணல் கலந்த மண், அதன் கீழே சட்டென்று களி. குளிர்கால மழை நுண்ணிய களித்துகளை மேலிருந்து கீழே இறக்குகிறது. கோடையில் மண் காயும்போது அது அங்கேயே படிந்துவிடுகிறது. வறண்ட கோடையுள்ள மற்ற நாடுகளிலும் இப்படிப்பட்ட மண் உண்டு.

அந்தக் களிக்குள் குழி வெட்டி நல்ல மண்ணை நிரப்புவது, அண்டாவில் கன்றை நட்டதற்குச் சமம். சுற்றுப்புற நீரெல்லாம் அதில் வந்து சேரும், வடிய வழி இருக்காது, வேருக்குக் காற்று கிடைக்காது. நானும் இரண்டடி வெட்டி, குதிரைச் சாணமும் கம்போஸ்ட்டும் கொட்டினேன். ஜூலையில் ஒரு கன்றை இழுத்துப் பார்த்தேன். வேரின் தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்தது. உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் மிச்சம். நாலு கன்று குளிரில் அழுகியது. தப்பிய இரண்டும் பிப்ரவரியில் காய்ந்தன, ஏனென்றால் வேர் ஒரு சாண்கூடக் களிக்குள் இறங்கியிருக்கவில்லை. ஒரு வருடக் காசும் உழைப்பும் போச்சு.

முதலில் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சோதனைக்குழி எடுங்கள். களிக்கு மேலே வெளுத்த சாம்பல் நிற அடுக்கும், அதில் பட்டாணி அளவு இரும்புக் கட்டிகளும் தெரிந்தால், மழைக்காலத்தில் அங்கே நீர் தேங்குகிறது என்று அர்த்தம். குழியில் தண்ணீர் ஊற்றி மறுநாள் பாருங்கள். அப்படியே நின்றால் அந்த இடத்தில் குழியே வேண்டாம். மேல்மண்ணை அணைத்து ஒன்றரை அடிக்கு மேடு கட்டி, அதன் மேல் நடுங்கள். சரிவுப் பக்கமாக வாய்க்கால் ஒன்றும் வெட்டிவிடுங்கள்.

ஈரத்தில் கொத்துவது

மண்வெட்டியில் மண் ஒட்டினால் திரும்பிப் போய்விடுங்கள்.

கோடையில் வெறும் மண்ணாக விடுவது

காய்ந்தால் கடப்பாரைகூட இறங்காது. அக்டோபரிலேயே, மண்ணில் ஈரம் இருக்கும்போதே, வைக்கோல் மூடாக்குப் போட்டுவிடுங்கள்.

சோதிக்காமல் ஜிப்சம் போடுவது

சோடியம் மிகுந்த களிக்குத்தான் அது உதவும். மண் பரிசோதனை செய்துவிட்டு வாங்குங்கள்.

அப்புறம், தம்பியின் எலுமிச்சையை அன்றைக்கே பெயர்த்தோம். குழியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தேடிப் பார்த்ததில் வெள்ளையாக இரண்டு வேர் உயிரோடு இருந்தது. மேடு கட்டி அதில் வைத்திருக்கிறோம்.